பாதி மொழிபெயர்த்துவிட்டேன், இனி யாரிடம் அனுமதி கேட்பது?

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம் என்ற வேண்டுகோளுடன் ஓர் ஆசிரியை எழுதியிருக்கும் நீண்ட கடிதம் இது. அரசு உதவிபெறும் பள்ளியில் எட்டாம், ஒன்பதாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறார். பழைய புத்தகக் கடையில் எடைக்கு வந்திருந்த கட்டு ஒன்றில் ஜான் கிறிஸ்டோபர் எழுதிய ‘தி கார்டியன்ஸ்’ நாவல் அவர் கையில் சிக்கியிருக்கிறது. 1970-ல் இங்கிலாந்தில் வெளிவந்த இளையோர் நாவல். ஒரே இரவில் படித்து முடித்துவிட்டு, வெள்ளிக்கிழமை கடைசி பீரியடில் பிள்ளைகளுக்குத் தமிழில் கதையாகச் சொல்லத் தொடங்கியிருக்கிறார். “அடுத்து என்ன ஆச்சு மிஸ்?” என்று பிள்ளைகள் விடாமல் கேட்கவே எழுத்தில் மொழிபெயர்க்க ஆரம்பித்து, இப்போது பாதி முடிந்துவிட்டது. மூன்று அத்தியாயங்களை இணையத்தில் தொடராகவும் போட்டுவிட்டார். ‘அனைத்து உரிமைகளும் மூல ஆசிரியருக்கே, லாப நோக்கம் இல்லை’ என்று அடியில் ஒரு குறிப்பும் சேர்த்திருக்கிறார்.

அதைப் பார்த்த ஒரு சிறு பதிப்பகம் புத்தகமாகக் கொண்டுவரலாம் என்று ஒப்பந்தத் தாளை அனுப்பியிருக்கிறது. “வெளிநாட்டு உரிமையெல்லாம் யாரும் கேட்க மாட்டாங்க, நன்றின்னு ஒரு வரி போட்டா போதும்” என்கிறாராம் பதிப்பாளர். “காப்புரிமை 20 வருஷம்தான், அது எப்பவோ முடிஞ்சிருக்கும்” என்கிறார் சக ஆசிரியர் ஒருவர். இவரே தேடிப் படித்ததில் ஜான் கிறிஸ்டோபர் என்பது புனைபெயர் என்றும், புனைபெயரில் வந்த நூலுக்கு வெளியான ஆண்டிலிருந்து 60 ஆண்டுதான் உரிமை என்றும் தெரியவந்ததாம். அப்படியானால் 2030 வரை காத்திருந்தால் போதுமா, இல்லை இப்போதே போடலாமா, வகுப்பில் சொல்வதும் தப்பா, எதுவும் முடியாதென்றால் பெயர்களைத் தமிழாக்கித் தழுவலாக எழுதலாமா என்று கேட்கிறார். ஒப்பந்தத் தாளின் நகலையும் இணைத்திருக்கிறார்.

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கு,

முதலில் அந்த நாவலைப் பற்றி. கதை நடப்பது 2052-ல். இங்கிலாந்து இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. ஒரு பக்கம் ‘கோனர்ப்’ எனப்படும் நெரிசலான மாநகரங்கள், அங்கே கூட்டமும் கலவரமும் விளையாட்டரங்க வெறியும். மறுபக்கம் ‘கவுன்டி’, அங்கே குதிரைகள், பண்ணை வீடுகள், பணிவிடைக்கு ஆட்கள். நடுவில் ஒரு வேலி. தந்தையை இழந்து கொடுமையான அரசு விடுதிப் பள்ளிக்கு அனுப்பப்படும் ராப் என்ற சிறுவன் அங்கிருந்து தப்பி, வேலிக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் போகிறான். இரண்டு பக்கத்து மக்களும் மற்றவரை இளக்காரமாக நினைத்துக்கொண்டு தத்தம் இடத்தில் நிம்மதியாக இருக்கிறார்கள். வேலியைவிட அந்த நிம்மதிதான் அச்சமூட்டுகிறது. சர்வாதிகாரியின் கொடுங்கோலை எதிர்த்துச் சாகசம் செய்யும் கதைகள் எத்தனையோ உண்டு. வசதியாக வாழ இடம் கிடைத்த ஒரு பையன் அந்த வசதிக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தொடங்கும் கதைகள் குறைவு. இதே எழுத்தாளரின் ‘ட்ரைபாட்ஸ்’ முத்தொகுதி தொலைக்காட்சித் தொடராகவும் வந்து புகழ் பெற்றது. ‘தி கார்டியன்ஸ்’ 1971-ல் பிரிட்டனின் கார்டியன் சிறார் புனைவுப் பரிசையும், 1976-ல் ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியாக அந்நாட்டின் இளையோர் இலக்கியப் பரிசையும் பெற்றும்கூட அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. உங்கள் ஒன்பதாம் வகுப்பு வாரா வாரம் அதற்காகக் காத்திருப்பதில் ஆச்சரியமே இல்லை. இந்த நூல் தமிழில் வர வேண்டும் என்றே நானும் விரும்புகிறேன்.

இப்போது சட்டம். இந்த நூலுக்கு இந்தியாவில் 2072 முடியும்வரை உரிமை இருக்கிறது. இணையத்தில் இருக்கும் மூன்று அத்தியாயங்களையும் இன்றே எடுத்துவிடுங்கள். பதிப்பகத்தின் தாளில் இப்போதைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள். வகுப்பில் சொல்வதை நிறுத்த வேண்டாம். புத்தகமாகக் கொண்டுவரும் வழி ஒரு மின்னஞ்சலில் தொடங்குகிறது, அது நீங்கள் பயப்படும் அளவுக்குப் பெரிய வேலையும் இல்லை. இனி ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

ஆண்டுக் கணக்கு

உங்கள் சக ஆசிரியர் சொல்லும் 20 ஆண்டு ஒரு சொல் குழப்பத்திலிருந்து வருகிறது. கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது காப்புரிமை, அதன் காலம்தான் 20 ஆண்டு. நூலுக்கும் பாட்டுக்கும் படத்துக்கும் உள்ளது பதிப்புரிமை. பேச்சு வழக்கில் இரண்டையும் காப்புரிமை என்றே சொல்லிவிடுகிறோம். அந்தச் சொல்லைப் போட்டுத் தேடினால் தவறான சட்டம் வந்து நிற்கும். நமக்கு வேண்டியது 1957-ம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம்.

நீங்கள் கண்டுபிடித்த விதி உண்மையானதுதான். அந்தச் சட்டத்தின் 23-ம் பிரிவு, புனைபெயரில் வந்த நூலுக்கு வெளியான ஆண்டை அடுத்து 60 ஆண்டு என்கிறது. அதன்படி 1970 நூலுக்கு 2030 முடிவுவரை. ஆனால் அதே பிரிவின் கீழே ஒரு விதிவிலக்கு இருக்கிறது: அந்தக் காலம் முடிவதற்குள் எழுத்தாளர் யார் என்பது வெளியானால், அவர் இறந்த ஆண்டை அடுத்து 60 ஆண்டு என்று கணக்கு மாறிவிடும். ஜான் கிறிஸ்டோபர் என்பவர் சாம் யூட் என்பது நெடுங்காலமாக ஊரறிந்த செய்தி. அவர் இறந்தது 2012 பிப்ரவரியில். ஆகவே 2013 ஜனவரி முதல் தேதியிலிருந்து 60 ஆண்டு எண்ணுங்கள். 2072 டிசம்பர் 31 அன்று முடியும். புனைபெயர் விதி, எழுதியவர் யாரென்றே தெரியாத நூல்களுக்குத்தான் உதவும்.

ஆங்கிலேயர் எழுதிய நூலுக்கு நம் சட்டம் எப்படிப் பொருந்தும் என்றும் ஓரிடத்தில் கேட்டிருக்கிறீர்கள். இந்தியாவும் பிரிட்டனும் நாடுகள் ஒன்றின் பதிப்புரிமையை மற்றொன்று மதிக்கும் பெர்ன் உடன்படிக்கையில் இருக்கின்றன. 1999-ம் ஆண்டின் சர்வதேசப் பதிப்புரிமை ஆணைப்படி, அந்த நாடுகளின் நூல்கள் இங்கே வெளியானவை போலவே பாதுகாக்கப்படும். பிரிட்டனில் இறந்த பிறகு 70 ஆண்டு, அதாவது 2082 முடிவுவரை. தமிழ் வாசகர்கள் லண்டனிலும் டொரான்டோவிலும் இருக்கிறார்கள். இணையத்தில் போடுவது அங்கேயும் திறக்கும் என்பதால் இந்த வித்தியாசத்தையும் நினைவில் வையுங்கள்.

‘லாப நோக்கம் இல்லை’ என்ற குறிப்பு

மொழிபெயர்க்கும் உரிமை 14-ம் பிரிவில் தனியாகப் பெயர் சொல்லி எழுத்தாளருக்குத் தரப்பட்டிருக்கிறது. உங்கள் சொந்த நோட்டில் முழு நாவலையும் மொழிபெயர்த்து வைத்துக்கொள்ளலாம், அது தனிப்பட்ட பயன்பாடு. பொதுவில் வெளியிடும் கணத்தில்தான் அது மீறல் ஆகிறது. காசு வாங்கினீர்களா என்ற கேள்வி அங்கே எழாது. காசு வாங்காதது தண்டனையைக் குறைக்க நீதிமன்றம் கருத்தில் கொள்ளக்கூடிய ஒரு காரணம், அவ்வளவுதான். 63-ம் பிரிவின்படி தெரிந்தே மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டுவரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய்வரை அபராதமும் விதிக்கலாம். இது பிடியாணை இல்லாமல் கைது செய்யக்கூடிய, ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத குற்றம் என்று 2022-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

இதைப் படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். மூன்று அத்தியாயத்துக்காக வெளிநாட்டிலிருந்து ஒருவர் உங்கள் ஊர்க் காவல் நிலையத்துக்கு வருவார் என்று நான் நினைக்கவில்லை. நடக்கக்கூடியது வேறு. உரிமையாளர் தரப்பு அந்தத் தளத்துக்குப் புகார் அனுப்பும். 36 மணி நேரத்துக்குள் தளம் அதை முடக்க வேண்டும். பிறகு நீங்கள் முறையாக அனுமதி கேட்கும்போது, உங்கள் பெயர் அவர்களிடம் ஏற்கெனவே புகாராக இருக்கும். அதுதான் உண்மையான இழப்பு.

நீங்கள் போட்ட குறிப்பு உங்களைக் காப்பதும் இல்லை. உரிமை வேறொருவருடையது என்று தெரிந்தே செய்தீர்கள் என்பதை உங்கள் கையாலேயே எழுதிக் கொடுத்தது போல ஆகிவிடுகிறது. 55-ம் பிரிவு, உரிமை இருப்பது தெரியாமலும் தெரிந்துகொள்ள நியாயமான காரணம் இல்லாமலும் செய்தவருக்கு நஷ்டஈட்டிலிருந்து ஓரளவு பாதுகாப்புத் தருகிறது. அந்தக் குறிப்பு அந்தப் பாதுகாப்பையும் தட்டிவிடும்.

எடுக்கும்போது இப்படிச் செய்யுங்கள். பதிவு, கருத்துகள், தேதி தெரியும்படி திரையைப் படம் பிடித்து வையுங்கள், எடுத்த தேதியையும் குறித்து வையுங்கள். வாட்ஸ்அப் குழுக்களில் பிடிஎஃப் போயிருந்தால் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மொழிபெயர்ப்புக் கோப்பை அழிக்க வேண்டாம், அது உங்கள் உழைப்பு, பின்னால் வேண்டும்.

‘புத்தகம் இங்கே எங்கும் கிடைப்பதில்லை, யாருக்கு நஷ்டம்?’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். விற்பனையில் இல்லாத புத்தகத்துக்கும் உரிமை உண்டு. கிடைக்காத நூலுக்குச் சட்டம் ஒரு சின்னக் கதவைத் திறந்து வைத்திருக்கிறது: இந்தியாவில் விற்பனைக்குக் கிடைக்காத நூலை, லாப நோக்கமற்ற பொது நூலகம் தன் பயன்பாட்டுக்காக மூன்று படிகள்வரை எடுத்துக்கொள்ளலாம். தனி ஆளுக்கு அந்தச் சலுகை இல்லை. உங்கள் பிரதியின் தாள்கள் உதிர்கின்றன என்கிறீர்களே, மாவட்ட நூலகரிடம் இதைப் பேசிப் பாருங்கள்.

வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்

இதில் உங்களுக்குச் சட்டம் முழுத் துணையாக இருக்கிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பது மீறல் ஆகாது என்கிறது 52-ம் பிரிவு. அதன் இரண்டாவது உட்பிரிவு, மூலத்துக்குப் பொருந்தும் இந்த விலக்குகள் மொழிபெயர்ப்புக்கும் பொருந்தும் என்கிறது. பலர் இந்த உட்பிரிவுவரை படிப்பதே இல்லை. கற்பித்தலின் போக்கு என்பதை டெல்லி உயர் நீதிமன்றம் 2016-ல் பல்கலைக்கழக நகலகம் தொடர்பான வழக்கில் தாராளமாகவே பொருள் கொண்டது. ஆக, ஒரு பகுதியைத் தமிழில் எழுதிப் பிரதியெடுத்துக் கொடுத்து, ஆங்கில மூலத்தோடு ஒப்பிடச் சொல்லிப் பாடம் நடத்தலாம். வாய்மொழியாகக் கதை சொல்வதில் சிக்கலே இல்லை.

எல்லை எங்கே என்றால், வகுப்பின் வாசலில். அதே தாளைப் பள்ளி ஆண்டு மலரில் அச்சிடுவதும் பள்ளியின் யூடியூப் பக்கத்தில் வாசித்துப் போடுவதும் கற்பித்தல் ஆகாது. பாடத்திட்டத்தோடு ஒரு தொடர்பு இருப்பது நல்லது என்பதால், பாடக் குறிப்பேட்டில் ‘துணை வாசிப்பு, மொழிபெயர்ப்புப் பயிற்சி’ என்று எழுதி வையுங்கள்.

ஒப்பந்தத் தாள்

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது இதுதான். பதிப்பாளர் வாயால் சொன்னதும் தாளில் இருப்பதும் நேர் எதிராக இருக்கின்றன.

ஆறாவது பத்தியைப் பாருங்கள். ‘இந்நூலின் உரிமைகள் அனைத்தும் தம்மிடமே உள்ளன என ஆசிரியர் உறுதியளிக்கிறார். எதிர்காலத்தில் எழும் எந்த வழக்குக்கும், பொருள் இழப்புக்கும் ஆசிரியரே பொறுப்பு.’ உரிமை பற்றி யாரும் கேட்க மாட்டார்கள் என்று சொல்லும் அதே பதிப்பகம், கேட்டால் பணம் கட்ட வேண்டியவர் நீங்கள் என்று எழுதி வாங்குகிறது. சொந்தமாக எழுதிய கவிதைத் தொகுதிக்கு இந்த வரி பொருந்தும். மொழிபெயர்ப்புக்குப் பொருந்தவே பொருந்தாது. அநேகமாக எல்லா நூலுக்கும் ஒரே அச்சுத் தாளைப் பயன்படுத்துகிறார்கள், கெட்ட எண்ணம் இருக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டால் கட்டுப்படுத்துவது தாளில் உள்ள சொல்தான். ‘மூல நூலின் மொழிபெயர்ப்பு உரிமையைப் பெறுவது பதிப்பகத்தின் பொறுப்பு. மொழிபெயர்ப்பு தம் சொந்த ஆக்கம் என்பதற்கு மட்டும் மொழிபெயர்ப்பாளர் உறுதியளிக்கிறார்’ என்று அந்தப் பத்தியை மாற்றச் சொல்லுங்கள். மாற்ற மறுத்தால் வேறு பதிப்பகம் பாருங்கள்.

இரண்டாவது பத்தியில் ‘அனைத்து உரிமைகளும் நிரந்தரமாக’ என்று இருக்கிறது. அனுமதி பெற்றுச் செய்யும் மொழிபெயர்ப்பில், தமிழ் வடிவத்தின் பதிப்புரிமை மொழிபெயர்த்தவருடையது. மூல நூல் அவர்களுடையது, தமிழ் வாக்கியங்கள் உங்களுடையவை. 19-ம் பிரிவின்படி உரிமையை மாற்றித் தரும் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்று சொல்ல வேண்டும். காலத்தைச் சொல்லாமல் விட்டால் ஐந்து ஆண்டு, எல்லையைச் சொல்லாமல் விட்டால் இந்தியா மட்டும் என்று சட்டமே நிரப்பிக்கொள்ளும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, அது காலாவதியாகும். ‘நிரந்தரமாக’ என்று எழுதிவிட்டால் அந்த ஐந்து ஆண்டு என்ற பாதுகாப்பு போய்விடும். அச்சு நூல், மின்நூல், ஒலிநூல் மூன்றையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். உங்கள் பெயர் அட்டையில் வர வேண்டும் என்பதையும் ஒரு வரியாகச் சேருங்கள். படைப்பாளி என்று உரிமை கோர 57-ம் பிரிவு உங்களுக்கு இடம் தருகிறது, ஆனால் அட்டையா உள்பக்கமா என்பதைத் தாளில் எழுதினால்தான் சண்டை வராது.

அனுமதி கேட்கும் முறை

யாரிடம் கேட்பது என்பதுதான் முதல் சிக்கல். முதல் பதிப்பை வெளியிட்டது ஹமிஷ் ஹாமில்டன், இன்று அது பெங்குவின் ராண்டம் ஹவுஸ் குழுமத்தில் ஒரு பிரிவு. அங்கே எழுதலாம். ஆனால் ஆங்கிலப் பதிப்பகத்திடம் ஆங்கிலத்தில் வெளியிடும் உரிமை மட்டும் இருந்து, மொழிபெயர்ப்பு உரிமை எழுத்தாளரின் வாரிசுகளிடமோ அவர்களுடைய இலக்கிய முகவரிடமோ இருப்பது சாதாரணம். எனவே ‘அனுமதி தாருங்கள்’ என்று தொடங்காமல், ‘இந்த நூலின் தமிழ் மொழிபெயர்ப்பு உரிமை யாரிடம் இருக்கிறது?’ என்ற ஒரே கேள்வியோடு முதல் மின்னஞ்சலை அனுப்புங்கள். ஒரு வரிக் கேள்விக்குப் பதில் சீக்கிரம் வரும். கையில் இருப்பது பழைய பிரதி. அண்மையில் மறுபதிப்பு ஏதும் வந்திருந்தால், அதன் உரிமைப் பக்கத்தில் வட்டமிட்ட சி குறிக்குப் பக்கத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள். பிரிட்டனின் ரெடிங் பல்கலைக்கழகமும் டெக்சஸின் ஹாரி ரான்சம் மையமும் சேர்ந்து நடத்தும் ‘வாட்ச்’ என்ற இலவசத் தரவுத்தளத்தில், எழுத்தாளர்களின் உரிமையாளர் யார் என்று பெயர் கொடுத்துத் தேடலாம். சாம் யூட் வேறு புனைபெயர்களிலும் எழுதியவர் என்பதால், இயற்பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

இரண்டாவது மின்னஞ்சல் பதிப்பகத்தின் பெயரில் போக வேண்டும். முகவர்கள் பொதுவாகத் தனி மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை தருவதில்லை, அச்சிட்டு விற்று ராயல்டி அனுப்பக்கூடிய நிறுவனத்துக்கே தருவார்கள். அதில் இருக்க வேண்டியவை: எந்த நூல், எந்த மொழி, அச்சா மின்நூலா, எந்தெந்த நாடுகள், எத்தனை ஆண்டு, முதல் அச்சில் எத்தனை படி, என்ன விலை, எத்தனை சதவீத ராயல்டி, எப்போது வெளிவரும். கூடவே பதிப்பகம் இதுவரை வெளியிட்ட நூல்களின் பட்டியல், உங்களைப் பற்றி நான்கு வரி, பத்துப் பக்க மாதிரி மொழிபெயர்ப்பு. தமிழ் தெரியாதவர்கள் அதை வேறு யாரிடமாவது காட்டித்தான் மதிப்பிடுவார்கள் என்பதால், கதை வேகமாக ஓடும் பகுதியைத் தேர்ந்தெடுங்கள், வேலிக்கு அடியில் நுழையும் இடம் நன்றாக இருக்கும்.

தொகையை நினைத்துப் பதிப்பாளர் மலைக்கிறார் என்று நினைக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். முதல் அச்சு 500 படி, விலை 250 ரூபாய், ராயல்டி 7 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், எல்லாப் படியும் விற்றால் உரிமையாளருக்குப் போவது 8,750 ரூபாய். முன்பணமாக அதில் ஒரு பகுதியையோ முழுவதையோ கேட்கலாம். சிறிய மொழிச் சந்தை என்று தெரிந்தால் குறைவாகவும் ஒத்துக்கொள்வார்கள், அதனால் படிகளின் எண்ணிக்கையைப் பெரிதாக்கிக் காட்டாமல் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். வெளிநாட்டவருக்கு ராயல்டி அனுப்பும்போது வரி பிடித்துச் செலுத்த வேண்டும். அந்த வரி அவர்கள் தொகையில் கழியுமா, பதிப்பகம் மேலே கட்டுமா என்பதை ஒப்பந்தத்திலேயே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முதல் ஆண்டுக் கணக்கிலேயே பிணக்கு வரும். இதற்குப் பதிப்பகத்தின் ஆடிட்டரைக் கேட்பது போதும். 2023 முதல் தமிழ்நாடு அரசு நடத்திவரும் சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சி உரிமைப் பரிமாற்றத்துக்காகவே கூடும் இடம், மொழிபெயர்ப்பு நல்கையும் அதையொட்டி அறிவிக்கப்படுகிறது. உங்கள் பதிப்பாளர் அந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்த்து, இந்த நூல் அதற்குள் வருமா என்று விசாரிக்கட்டும்.

மூன்று அத்தியாயங்கள் இணையத்தில் இருந்ததை மறைக்க வேண்டாம். ‘மாணவர்களுக்காகத் தொடங்கியது, அனுமதி வேண்டும் என்று தெரிந்ததும் இந்தத் தேதியில் எடுத்துவிட்டேன்’ என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். பின்னால் அவர்களே கண்டுபிடிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

தலைப்பையும் முன்கூட்டியே யோசியுங்கள். நீங்கள் வைத்திருக்கும் ‘காவலர்கள்’ என்ற தலைப்பைப் பார்த்ததும் தமிழ் வாசகருக்குக் காக்கிச் சட்டைதான் நினைவுக்கு வரும். ‘காப்பாளர்கள்’ சற்றுப் பரவாயில்லை. தலைப்பு மாற்றத்துக்கு உரிமையாளரின் சம்மதம் வேண்டும் என்ற நிபந்தனை உரிம ஒப்பந்தங்களில் வழக்கமாக இருக்கும், ஆகவே இரண்டு மாற்றுத் தலைப்புகளை ஆங்கில விளக்கத்தோடு அனுப்பிவிடுங்கள்.

பதிலே வராவிட்டால்

ஆறு முதல் எட்டு வாரம் பொறுத்து ஒரு நினைவூட்டல், பிறகு இன்னொன்று. மௌனம் சம்மதம் என்ற பழமொழி இங்கே செல்லாது. உரிமையாளரோ அவர் அதிகாரம் அளித்த முகவரோ எழுத்தில் தந்த உரிமம்தான் செல்லும்.

கடைசியாக ஒரு வழி உண்டு. நூல் முதலில் வெளிவந்து ஏழு ஆண்டு ஆகியும் ஒரு மொழியில் அதன் மொழிபெயர்ப்பு வரவில்லை என்றால், அந்த மொழியில் வெளியிட உரிமம் கேட்டு யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்கிறது 32-ம் பிரிவு. முன்பு வாரியம் கையாண்டதை 2021-க்குப் பிறகு வணிக நீதிமன்றம் கையாள்கிறது. அனுமதி கேட்டு மறுக்கப்பட்டது என்றோ, முயன்று தேடியும் உரிமையாளரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றோ நிரூபிக்க வேண்டும். கண்டுபிடிக்க முடியாவிட்டால், விண்ணப்பத்துக்கு இரண்டு மாதம் முன்பாவது நூலில் பெயர் உள்ள பதிப்பகத்துக்குப் பதிவு விமான அஞ்சலில் கோரிக்கையின் நகல் போயிருக்க வேண்டும். சரியாக மொழிபெயர்க்கும் தகுதியும் ராயல்டி கட்டும் வசதியும் இருப்பதைக் காட்ட வேண்டும். உரிமையாளருக்கும் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பு தரப்படும். 500 படிக்காக இந்தச் செலவும் காலமும் தகுமா என்று கேட்டால், தகாது என்றே சொல்வேன். ஆனாலும் நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் சேமித்து வையுங்கள், இந்த வழி என்றாவது தேவைப்பட்டால் அவைதான் ஆதாரம்.

தழுவலும் இடைக்கால வேலையும்

ராபை ரவியாக்கி, லண்டனைச் சென்னையாக்கினால் அனுமதி தேவையில்லை என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. தழுவலும் மொழிபெயர்ப்பைப் போலவே எழுத்தாளருக்கு உரிய உரிமை. ஆர். ஜி. ஆனந்த் வழக்கில் 1978-ல் உச்ச நீதிமன்றம் வகுத்த அளவுகோல் எளிமையானது: கருத்து யாருக்கும் சொந்தமில்லை, ஆனால் இரண்டையும் படித்தவருக்கு இது அதன் நகல் என்ற எண்ணம் தயக்கமின்றி எழுந்தால் அது மீறல். வேலி போட்டுப் பிரிந்த நாடு என்ற கருத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். விடுதிப் பள்ளி, தப்பியோடும் பையன், அடைக்கலம் தரும் செல்வக் குடும்பம், அதற்குப் பிறகு வரும் திருப்பங்கள் எல்லாவற்றையும் அதே வரிசையில் எடுத்தால் பெயரை மாற்றிப் பயனில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும் மாதங்களில் நீங்கள் சுதந்திரமாகச் செய்யக்கூடியது, இந்த நாவலைப் பற்றி ஒரு நீண்ட விமர்சனக் கட்டுரை. விமர்சனத்துக்காக மேற்கோள் காட்டவும், அந்த மேற்கோளைத் தமிழில் தரவும் 52-ம் பிரிவு அனுமதிக்கிறது. 300 சொல்வரை, பத்து சதவீதம்வரை என்றெல்லாம் சொல்வார்கள், அப்படி எந்த எண்ணும் சட்டத்தில் இல்லை. மேற்கோள் உங்கள் கருத்துக்குத் துணையாக நிற்கிறதா, நூலுக்கே மாற்றாக நிற்கிறதா என்பதுதான் பார்க்கப்படும். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். தமிழில் இந்த நூலைக் கேட்கும் வாசகர்கள் இருக்கிறார்கள் என்று உரிமையாளருக்குக் காட்ட அந்தக் கட்டுரையும் அதற்கு வரும் எதிர்வினைகளும் உதவும்.

மொழிபெயர்க்காமல் இருக்க முடியவில்லை என்றால் ஹெச். ஜி. வெல்ஸிடம் போங்கள். 1946-ல் இறந்தவர், அவர் நூல்கள் இந்தியாவில் 2007 முதல் பொதுச் சொத்து, பிரிட்டனில் 2017 முதல். 1895-ல் வந்த ‘தி டைம் மெஷின்’ நாவலில் மனித இனமே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டாகப் பிரிந்து கிடக்கும். தமிழில் வேறு மொழிபெயர்ப்புகள் இருந்தாலும் உங்கள் சொந்த மொழிபெயர்ப்பைச் செய்ய அது தடையில்லை, அவர்களுடைய வாக்கியங்களை எடுக்கக் கூடாது, அவ்வளவே. அதை யாரையும் கேட்காமல் தொடராகப் போடலாம். உங்கள் பிள்ளைகளுக்கு இரண்டு கதைகளையும் அடுத்தடுத்துக் கேட்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

உரிமையாளரிடமிருந்து வரைவு வந்ததும், கையெழுத்துக்கு முன் அதையும் பதிப்பகத்தின் திருத்திய தாளையும் சேர்த்து அனுப்புங்கள். காலம், நாடுகள், வடிவம் மூன்றும் இரண்டிலும் பொருந்த வேண்டும். அவர்கள் ஐந்தாண்டு அச்சு உரிமை மட்டும் தந்திருக்க, நீங்கள் பதிப்பகத்துக்குப் பத்தாண்டு மின்நூல் உரிமையும் எழுதிக் கொடுத்திருந்தால், ஆறாம் ஆண்டு விற்கும் ஒவ்வொரு படிக்கும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.